நமுனுகுலைக்கு நான் போகவில்லை

டிசெம்பர் 11, புதன்

விடியத் தொடங்கிய மழை. கிணறு கட்டுவரை வந்துவிட்டது. கூரைப் பீலியில் இலை அடைத்து முற்றம் முழுக்கத் தண்ணீர். செய்ய வேண்டியவை: பீலி துப்புரவு. தரம் ஒன்பது புவியியல் விடைத்தாள், இன்னும் 41. குடைக் கம்பி.

சாப்பிடும்போது மகள் கீர்த்தனா கேட்டாள், இந்த விடுமுறைக்கு எப்போது பண்டாரவளைக்குப் போகிறோம் என்று. என் மனைவி சுகந்தி இருந்த காலத்தில் கேட்கிற மாதிரியே கேட்டாள். சு. செத்து ஆறு மாதம்.

வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை துக்க வீட்டார் மலை ஏறக் கூடாது என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் கோயிலுக்குப் போய் எத்தனை வருடம் என்பது அவளுக்குத் தெரியும்.

மலையேறும் சப்பாத்து மூன்று சோடியும் அலுமாரிக்குக் கீழே. பூஞ்சணம்.

டிசெம்பர் 13, வெள்ளி

மழை விட்டு விட்டு. விடைத்தாள் இன்னும் 19. ஒருவன் வரைபடத்தில் பிதுருதலாகலை மலையைச் சமதரையான வவுனியாவில் வைத்திருக்கிறான்.

இருபது வருடம், வருடத்துக்கு மூன்று முறை மலைநாடு. சித்திரையில் ஹோட்டன் சமவெளி. காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். ஆவணியில் அருவிகள், குடையைப் பறிக்கிற காற்று. மார்கழியில் நமுனுகுலை, மூட்டம், அட்டைக்கடி. புறப்படுமுன் அட்டை ஏறாதபடி எங்கள் கால்மேசுகளுக்கு சு. சவர்க்காரம் தேய்த்துத் தருவாள். கீ. ஒரு வயதில் என் தோளில் ஏறினாள், ஏழு வயதில் எனக்கு முன்னால் நடந்தாள். தங்குவது எப்போதும் பண்டாரவளையில், சு.வின் அண்ணன் வீட்டில்.

அந்த மச்சானோடு எனக்குக் கதைபேச்சு இல்லை. ஏன் என்று இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மாசியில் சு. ஒரு கலியாண வீடு என்று சொல்லிக் கொழும்புக்குப் போனாள். போனது மருத்துவரிடம். கூட இருந்தவன் மச்சான். நெஞ்சுக்குள் கட்டி. எனக்குத் தெரிய வந்தது வைகாசியில். ஆனியில் எல்லாம் முடிந்தது. இடையில் சித்திரையில், எல்லாம் தெரிந்துகொண்டு, வழக்கமான ஹோட்டன் சமவெளியை விட்டு, அவளை நமுனுகுலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து ஈரவேட்டியோடு நின்ற என்னிடம்தான் இதைச் சொன்னான். "அவதான், மச்சான், உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. சொன்னா மலைக்கு விடமாட்டார், விட்டாலும் வழி முழுக்கச் சண்டை பிடிப்பார் எண்டவ."

அன்றோடு சரி.

சித்திரையில் நானும் பண்டாரவளையில்தான் இருந்தேன். இதையும் எழுத வேண்டும். அன்று காலை தேநீர் குடிக்கும்போது வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் மச்சான் சொன்னான், மாஸ்டருக்கு வரைபடத்திலைதான் ஏறத் தெரியும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். சு.வும். அந்தக் கோபத்தில் நான் போகவில்லை. சு., கீ., மச்சான் மூவரும் போனார்கள். நான் முன்விறாந்தையில் பேப்பரோடு இருந்தேன். திரும்பி வந்து சு. என்னவோ சொல்ல வந்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

டிசெம்பர் 15, ஞாயிறு

வெயில் மாதிரி ஒன்று. மருதனார்மடம் சந்தை. கத்தரி, முருங்கைக்காய், கீரை. லீக்ஸ் புதிதாக இறங்கியிருந்தது, வேரில் மலைநாட்டுக் கறுப்பு மண் ஒட்டியபடி. வாங்கவில்லை.

வீட்டுக்கு வர அக்கா இருந்தாள். கீ. அவளைக் கூப்பிட்டிருக்கிறாள், சாட்சிக்கு. விரதம், தீட்டுத் துடக்கு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அக்கா சொல்வதுதான் முடிவு. கீ. நேரடியாகவே கேட்டாள்.

"மாமி, ஆட்டை முடியாமல் நமுனுகுலை ஏறக் கூடாதோ?"

அக்கா என்னைத்தான் பார்த்தாள். "உது கோயில் மலையளுக்குத்தான்ரா. உனக்குப் பிடிக்காத ஆக்களின்ரை மலைக்கு ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் சிரிப்பை அடக்கினார்கள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அந்த வழக்கம் எனக்கும் தெரியும். எல்லா மலைக்குமாக நீட்டியது நான்தான்.

பின்னேரம் கீ. கிணற்றடிக்கு வந்தாள். "நான் போறன் அப்பா. மாமாவோடை கதைச்சிட்டன். நீங்களும் வாங்கோ. அவரோடை கதைக்க வேண்டாம், சும்மா நடவுங்கோ."

விடைத்தாள் முடியவில்லை என்றேன்.

டிசெம்பர் 16, திங்கள்

விடைத்தாள் முடிந்துவிட்டது. கீ.க்குச் சொல்லவில்லை.

டிசெம்பர் 18, புதன்

கீ.யை ஏற்றிவிட பேருந்து நிலையம் வரை போனேன். தூறல். அவளுடைய பையில் தாயின் சப்பாத்து. துடைத்து, புது நாடா போட்டிருக்கிறாள். தன்னுடையது சிறுத்துவிட்டதாம். என்னுடையதையும் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். நான் செருப்போடுதான் வந்தேன்.

பக்கத்து இருக்கை காலி. நடத்துநர் இரண்டு தரம் கேட்டார், ஐயா ஏறுறியளோ என்று. கீ. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னது நான்தான்.

கோப்பாய் வீட்டுக்குத் திரும்பி வரும்போது நல்ல மழை. வழியில் வாங்கிய பாண் நனைந்துவிட்டது.

டிசெம்பர் 20, வெள்ளி

மழை இல்லை. காலை ஏழுக்கு கீ. அனுப்பிய செய்தி: "ஏறத் தொடங்கிட்டம். வானம் வெளிச்சம்." கவனமாக என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டு, சரி என்று மட்டும் அனுப்பினேன்.

பீலி துப்புரவாக்கினேன். ஏணி ஆடுகிறது.

பதினொன்று இருபதுக்கு மச்சானின் அழைப்பு. வெட்டினேன். திரும்பவும் எடுத்தான். வெட்டினேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு, மகளைக் கொண்டுபோய் மேலே வைத்துக்கொண்டு என்னோடு சமாதானம் பேசப் பார்க்கிறான் என்று நினைத்தேன். உள்ளபடி கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. மூன்றாம் தரம் நீண்ட நேரம் அடித்தது. அதையும் வெட்டினேன்.

பின்னேரம் நாலுக்கு கீ. எடுத்தாள், மச்சான் வீட்டிலிருந்து.

"மேலை நிண்டு மூண்டு தரம் எடுத்தனான் அப்பா. என்ரை போன் செத்துப்போச்சு, மாமான்ரை போனிலை."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"போனமுறை அம்மா அந்த உச்சியிலை நிண்டு உங்களுக்குக் கை காட்டினவ. 'உன்ரை கொப்பர் அங்கை பேப்பரோடை கோவிச்சுக்கொண்டு இருக்கிறார், நீயும் கை காட்டு' எண்டு சொல்லிச் சிரிச்சவ. கனநேரம் காட்டினவ. அந்த இடத்திலை நிண்டு உங்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் எடுத்தனான்."

பின்னால் மச்சானின் குரல், தேத்தண்ணி ஆறுது என்று. கீ. கேட்டாள், போன் எங்கை இருந்தது அப்பா.

அறைக்குள் இருந்தது, கேட்கவில்லை என்றேன்.

ஓம் என்றாள்.