பாப்பாத்தி தோட்டத்துத் தென்னைகள்

செவ்வாய், இரவு.

பாப்பாத்தியின் தோட்டத்தில் இருந்த பன்னிரண்டு தென்னைகளையும் இன்று வெட்டிவிட்டார்கள். அந்த வழியாகத்தான் உயரழுத்த மின்கம்பி போகப்போகிறது. காலையில் நாங்கள் ஏழு பேர் செங்கொடியோடு மரத்தடியில் உட்கார்ந்தோம். போலீஸ் வேனில் ஏற்றி, புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம்தான் விட்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தோழர்கள் பஸ் ஏறினார்கள். நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். விழுந்து கிடந்த மரத்தின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, இது எந்தக் கரண்டுங்க?"

"காத்தாடிக் கரண்டு, பாப்பாத்தி. தெக்கயிருந்து வருது."

"கரி கரண்டு வேண்டாம், காத்தாடிதான் வேணும்னு போன வருசம் சந்தையில மைக்குப் புடிச்சுப் பேசுனீங்களே, அதுங்களா?"

"அதேதான்."

நிலக்கரிப் புகையை எதிர்த்து, காற்றாலை வேண்டும் என்று பேசியது தப்பில்லை. நாளைக்கும் அதையே பேசுவேன். ஆனால் அந்த மின்சாரம் யார் தோட்டத்து வழியாக வரும் என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டோரமாகக் கேபிள் புதைத்துக் கொண்டுபோ என்று இன்றைக்குத்தான் கோஷம் போட்டேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கீழே கிடந்த குலையிலிருந்து ஓர் இளநீரைச் சீவி நீட்டினாள்.

"பகலெல்லாம் எங்களுக்காவ அடைபட்டுக் கெடந்தீங்க. குடிங்க சாமி."

வாங்கிக் குடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், இளநீர் தீர்ந்த பிறகும் காயை வாயிலிருந்து எடுக்காமல் நின்றேன்.