பச்சைப் பொட்டலத்துக்கு அடியில்

சிகு, தைனான்
ஜூன் 9

அன்புள்ள சூ-பிங்,

நான் நலம். கொரியத் தீவில் உன் இருமல் தணிந்ததா? நீ காத்திருக்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஹார்ட் டிஸ்க் நேற்றுக் காலை 11.40-க்கு ஹாய்-லிங் கைக்குப் போய்ச் சேர்ந்தது. படங்கள் 84,316. உன் குறிப்பேட்டில் உள்ள எண்ணும் அதுதான். பறவைகள் இரை தேடும் மீன் குளங்களை மூடக் கூடாது என்று வியாழக்கிழமை விசாரணையில் உன் பறவைச் சங்கத்தின் சார்பில் அவள் தைரியமாகப் பேசலாம்.

இடையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் எழுதாவிட்டால் அவள் எழுதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு குறையும் இல்லை. திங்கள் காலை படங்களை எண்ணிப் பார்க்க உன் ஹார்ட் டிஸ்க்கை இணைத்தேன். உன்னிடமிருந்த மறுபிரதி உப்புக்காற்றில் கெட்டுப்போனதை மறக்கவில்லை. கரண்டிவாயன் பறவைகளின் கால் வளையங்களை நீ பன்னிரண்டு ஆண்டுகள் படமெடுத்ததற்கு இனி இது ஒன்றுதான் சாட்சி. அதனால் கணினி சொன்னபடி கேட்பதற்காக ஊரில் எல்லோரையும் போல நாமும் வைக்கும் பச்சைப் பொட்டலச் சோளப்பொரியை, வழக்கமான இடத்திலிருந்து எடுத்து ஹார்ட் டிஸ்க்கின் மேலேயே வைத்தேன்.

ஹாய்-லிங் பதினொரு மணிக்கு வந்தாள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல். துண்டிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தது. படங்களின் சன்னலை மூடிவிட்டுக் கொடுத்தேன். மீண்டும் அதே பதில். வேறு எதுவும் திறந்திருக்கவில்லை.

"என்னண்ணே, மெஷின் உங்களையே மதிக்க மாட்டேங்குது?" என்றாள்.

"பழைய கணினில நான் பத்து வருஷமா அப்படியே உருவினவன். ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி வயரைப் பிடித்துவிட்டேன்.

அதற்குள் அவள் பொட்டலத்தைத் தூக்கித் தேதியைப் பார்த்தாள். "அய்யய்யோ, மார்ச்சோட முடிஞ்சு போச்சு! கெட்டுப்போனத வச்சா சாமி கோவிச்சுக்காதா? அண்ணி ஊர்ல இல்லன்னா வீட்ட இப்படியா வச்சிருப்பீங்க?" என்று சிரித்தவள், சட்டென்று குரல் மாறி, "அண்ணே, கைய எடுங்க" என்றாள்.

பொட்டலம் இருந்த இடத்தில் நீல விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை மூடி வைத்திருக்கிறேன். புதுப்பித்த இயங்குதளம் தன் தேடல் பட்டியலை மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்ததாம். உன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். ஹாய்-லிங் தன் கைபேசியில் பார்த்துச் சொன்னாள். அந்த நேரத்தில் உருவியிருந்தால் எத்தனை படங்கள் மிஞ்சியிருக்கும் என்று அவளிடம் கேட்கவில்லை.

கணினியை முறைப்படி அணைத்தோம். திரை இருண்ட பிறகும் விளக்கு சில நிமிடம் எரிந்தது. அது அணையும்வரை இருவரும் நின்றே பார்த்தோம். அதன் பிறகுதான் வயரைக் கழற்றினேன். அவள் மடிக்கணினியில் திறந்தபோது முதல் படம் வந்தது: நீ முதல் குளிர்காலத்தில் எடுத்தது, சிவப்பு வளையம், T42. அவள் இங்கேயே இரண்டு பிரதிகள் எடுத்தாள். பிறகு அந்த மடிக்கணினி ஒரே கட்டளையில் ஹார்ட் டிஸ்க்குக்கு விடைகொடுத்தது. பிரதிகளில் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

விசாரணையைப் பற்றி நீ கவலைப்படாதே. நாற்பது ஆண்டுகள் விசாரணைகளைக் கேட்டு எழுதியவன் சொல்கிறேன், தேதியும் எண்ணும் உள்ள படத்தோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது.

அங்கேயே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல வேலை. முடிவை நீதான் எடுக்க வேண்டும், நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இன்று புதுப் பொட்டலம் வாங்கி, விளக்கை மறைக்காமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடையில் பிப்ரவரிவரை தேதியுள்ளதும் இருந்தது. அங்கிருந்து பறவைகள் இங்கே திரும்பும் மாதம் அக்டோபர் என்பதால், அக்டோபர் 31 போட்டதை எடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காற்றில் நிற்காதே.

உன்,
ட்சோங்-யான்