தேர்க்கொட்டகையில் குறைந்த கம்பளிகள்

நண்பா,

இன்று காலை பூசை முடிந்து வெளியே வந்தபோது, உன் அண்ணன் பாத்தியில் உப்பு வாரும் செல்வி கோயில் படியருகே ஒரு காகிதப் பையோடு நின்றிருந்தாள். "புள்ளைக்குப் பத்தல சாமி. வேற எந்தப் புள்ளைக்காவது குடுங்க" என்று பையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே நீ பின்னிய சின்னஞ்சிறு கம்பளிச் சட்டை. உப்புக் காற்றும் அடுப்புப் புகையும் குழந்தை கக்கிய பாலும் கலந்த வாசனை. என் வழக்கப்படி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்ளும் புறமும் திருப்பித் தடவிப் பார்த்தேன். பார்த்ததும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. சித்திரையில் கண்மூடியவனுக்கு மார்கழியில் மடல் எழுதுகிறேன்.

கடல் ஊருக்குள் ஏறிய மறுமாதம் வடக்கேயிருந்து லாரிகளில் துணிமூட்டைகள் வந்தது உனக்கு நினைவிருக்கும். அனுப்பியவர்களின் மனம் பெரியது. நம் வெயில் அவர்களுக்குத் தெரியாது. மூட்டை மூட்டையாகத் தடித்த ஸ்வெட்டர்கள். செல்வி ஒன்றை எடுத்து மேலே வைத்துப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டுப் பாத்தியில எறங்கினா உப்புக்கு முன்னாடி நாங்க காஞ்சிடுவோம்" என்றாள். அந்த மாதத்தில் ஊர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். எவரும் எடுத்துக்கொள்ளாத அந்தக் கம்பளிகளைத் தேர்க்கொட்டகையில் அடுக்கினோம். கோயில் பெரியவன் என்பதால் சாவி என் இடுப்பில் தங்கியது.

மாசி முடிவதற்குள் அடுக்கு குறையத் தொடங்கியது. வேட்டி, புடவை, போர்வை எதுவும் குறையவில்லை. கம்பளி மட்டும் குறைந்தது. கொட்டகையைப் பெருக்குகிறேன் என்று என்னிடம் சாவி வாங்கிப்போன ஒரே மனிதன் நீ. அதன்பின் உன் ஒவ்வொரு அசைவும் எனக்குச் சாட்சியமாயிற்று. உன் வீட்டுக் கொடியில் சுருள் சுருளாக நனைந்த நூல் தொங்கியது. கீழே கல் கட்டியிருந்தாய். பிரித்த நூலின் சுருக்கம் நிமிரவே கல் என்பது எனக்குத் தெரியாது. கூனிமேட்டுக்குப் பேருந்து ஏறினாய், பை பருத்திருந்தது. நடத்துநரிடம் நான் விசாரித்தேன். ஏதோ ஒரு கடை வாசலில் இறங்கினாய் என்றார். கடை என்றால் விற்பனை என்று முடிவு கட்டினேன். நீ போனது பட்டன் வாங்க. குழந்தை வாய்க்குள் போகாத பெரிய பட்டன் வேண்டும் என்று அந்தக் கடையில் பாதி நாள் தேடினாயாம்.

உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து, சைக்கிள் கம்பியைத் தேய்த்துச் செய்த ஊசிகளால் நீ பின்னிக்கொண்டிருப்பாய். பட்டாளத்தில் பனிமலைக் காவலில் இருந்தபோது உடனிருந்த ஒருவர் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வாய். சட்டையின் மார்பில் பாத்திகளைப் போலக் கட்டம் கட்டுவாய். கட்டத்துக்குள் மணிமணியாகப் புடைப்பு எழுப்புவாய். பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்பட்டால் குழந்தை அழுகையை நிறுத்தும் என்பது உன் கட்சி. மனைவி மக்கள் இல்லாதவன், இந்த வெயிலில், ஒரு வயதுக் குழந்தைக்குக் கம்பளி பின்னுகிறான் என்றால் என்ன நினைப்பது? யாருக்கு என்று கேட்டேன். "மழை வரும்பா" என்றாய். விற்கத்தானே என்றேன். "கை சும்மா இருந்தா மனசு கடலுக்குப் போயிடுது. இது ஓடினா அது நிக்குது. அவ்ளோதான்" என்று மறுபடி ஊசியைக் குனிந்து பார்த்தாய்.

பயன் கருதாத பணியே வழிபாடு என்று ஆண்டுதோறும் மண்டபத்தில் விரித்துரைக்கும் வாய் என்னுடையது. ஆராயாமல் தண்டித்த அரசர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் கண் கலங்கச் சொன்ன வாயும் அதுதான். அந்த வாயால் ஆடி வெள்ளிக்கிழமை, தீபாராதனை முடிந்து ஊரே நிற்கையில், தேர்க்கொட்டகைக் கம்பளிகளை எங்கே விற்றாய் என்று உன்னைக் கேட்டேன்.  செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாய்.

மறுநாள் காலை ஒரு கோணியோடு வந்தாய். உள்ளே உருண்டை உருண்டையாக நூல். ஐந்து மாதம் பின்னிய அத்தனை சட்டைகளையும் ஒரே இரவில் பிரித்திருந்தாய். "சட்டையாக் குடுத்தா எத்தினி கம்பளிக்கு எத்தினி சட்டைன்னு கேப்பே. நூலாவே இருக்குது. எடை போட்டுக்கோ" என்றாய். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே என்றேன். "கேட்டா நீ கமிட்டி போடுவே" என்றாய்.

நான் எடை போட்டேன் நண்பா. மீதிக் கம்பளிகளோடு ஒப்பிட்டு, உப்பு நிறுக்கும் தராசில். சரியாகவே இருந்தது. அப்போதும் மனம் ஆறவில்லை. உப்புக் காற்றில் நூல் ஈரம் இழுத்து எடை கூடியிருக்குமோ என்று யோசித்தேன். பிறகு கொட்டகையைப் பூட்டினேன். நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ ஊசிகளைத் தொடுவதில்லை என்றும், பொழுதெல்லாம் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாய் என்றும் செல்வி சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் கரைந்து ஒரே தண்ணீராயின. கடலுக்கு வீடிழந்தவர்களின் தற்காலிகக் குடியிருப்பில் தகரத்தின் இடுக்கெல்லாம் ஒழுகியது. பிரசாதம் கொண்டுபோன நான், செல்வியின் கைக்குழந்தை ஈரச்சேலைக்குள் உதடு நீலம் பாரித்து நடுங்குவதைக் கண்டேன். மழை வரும்பா என்று நீ சொன்னது விடை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

சாவியையும் கோணியையும் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் செப்பனிட்டு வந்தும் வாய் திறக்கவில்லை. நீ ஈர வேட்டியோடு என்னை உட்காரச் சொன்னாய். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, மணிக்கட்டுகளில் நூலைச் சுற்றி மாட்டினாய். சிக்கெடுத்து உருட்ட ஒருவர் பிடிக்கவேண்டுமாம். "ஊர்ல திருடனுக்குக் கை கட்டுவாங்க. நான் போலீசுக்குக் கட்டியிருக்கேன்" என்றாய். அழவும் முடியாமல், கண்ணைத் துடைக்கவும் கை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகைக்குள் குடியிருப்பின் ஒவ்வொரு குழந்தை மேலும் உன் பாத்திக் கட்டங்கள் ஏறிவிட்டன.

அந்தக் கார்த்திகையில்தான் என் மப்ளர் காணாமல் போனது. காசியில் வாங்கியது, காப்பி நிறம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. விடியற்காலையில் பதிகம் ஓதும் கழுத்துக்கு அதுவே துணை. கோயிலில் பூத்தொடுக்கும் பெரியவர்மேல் ஐயம் கொண்டு, அவரோடு பேச்சை நிறுத்தினேன். உன்னிடம் வந்து முறையிட்டேன். நீ ஊசியை ஓட்டியபடியே, "நல்லா விசாரிப்பா. விட்டுடாத" என்றாய். உன் நூல் கூடைமேல் அன்று துண்டு போர்த்தியிருந்தது. கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. உன்னை இனி எதிலும் சந்தேகிப்பதில்லை என்று அந்த மழையில் சங்கல்பம் செய்திருந்தேன்.

செல்வி தந்த சட்டை இப்போது என் மடியில் கிடக்கிறது. மார்பின் மணிகளெல்லாம் காப்பி நிறம். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு.

நாளை பூத்தொடுக்கும் பெரியவரிடம் போக வேண்டும், ஓராண்டுப் பழி. இம்முறை சொல்லைச் செப்பனிடப் போவதில்லை. அதற்குப் பிறகு இந்தச் சட்டை குடியிருப்பில் வேறொரு குழந்தைக்குப் போகும். இன்று ஒரு நாள் இது என்னிடம் இருக்கட்டும். கழுத்தில் சுற்றிப் பார்த்தேன். சட்டையின் கைகள் முடிச்சுப் போட எட்டவில்லை, விட்டால் நழுவுகிறது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேதான் பதிகம் ஓத வேண்டும்.