கையெழுத்து இல்லாத முதல் பத்தி

அன்பு மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. மழை இல்லை. திருச்சுழி ரோட்டில் உன் பருத்திக் கடையை உன் தம்பி திறந்துவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை. உன்னை எடுத்த மறுநாள் ரெட்டியபட்டியில் ஒரு கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். சரியாகத்தான் ஓடியது.

நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகை இந்த மாதமும் வருகிறது. மறுப்புக் கட்டுரைக்கு நீ கொண்டுவந்த வழக்கமும் அப்படியே இருக்கிறது. முதல் பத்தியில் எதிராளி சொன்னதை எழுத வேண்டும். 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அவரே கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுக்கலாம். பாலிடெக்னிக்கில் படித்த எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

கண்மாய்ப் பாசனத்தைப் பற்றிய உன் கட்டுரைக்கு, கிணற்று மோட்டார்தான் வழி என்று நான்கு பக்க மறுப்போடு கடைக்கு வந்தேன். குதிரைத்திறன் கணக்கெல்லாம் போட்டிருந்தேன். முதல் பத்தியிலேயே நீ நிறுத்திவிட்டாய்.

"ஏலே மச்சான், மோட்டாரே வேண்டாம்னு நான் எங்கலே எழுதியிருக்கேன்? மூணாம் பக்கத்த எடு."

"இழுத்தடிக்காத. கையெழுத்தப் போடு."

"சொல்லாததுக்கு எப்படிலே போடுறது? வேற எவன்கூடவோ சண்டை போட்டுட்டு என் சட்டையப் பிடிக்கிற."

நான் கோபித்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வாரமே உனக்குக் காமாலை. எட்டாம் நாள் நீ இல்லை.

உன் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தேன். 'மோட்டார் வரட்டும். முதலில் கண்மாயைத் தூர் வாருவோம்' என்று இருந்தது. இரண்டே வரி. அதைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியதில் முதலில் உன் பேச்சு, உன் வார்த்தையிலேயே. அடுத்து, நீ சொன்னதில் எது சரி என்பது: மல்லாங்கிணறு ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கீழே போவதை இறங்கிப் பார்த்தவன் நான். கடைசியில்தான் என் மறுப்பு: தூர் வாரி முடிக்கும்வரை பருத்திச் செடி காத்திருக்காது. அதை விட்டுக்கொடுக்கவில்லை. செத்துப்போனாய் என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா?

உன் வீட்டுக்குப் போய் முதல் பத்தியை உன் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"அவுக சொன்னது இதுதாண்ணே. ஆனா இவ்வளவு மரியாதையாச் சொல்ல மாட்டாக" என்றது தங்கச்சி.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "அவுக இடத்துல நான் போட மாட்டேன்."

அதனால் முதல் பத்திக்குக் கீழே கையெழுத்துக் கோட்டின் மேல் காலியாகவே விட்டிருக்கிறேன். கட்டுரை அப்படியே பத்திரிகையில் சேர்த்துத் தைக்கப்படும். உன் பதிலை நான் கற்பனை செய்து எழுதவில்லை. நீ சொல்லாததை இனி உன் வாயில் வைக்க மாட்டேன். உன்னை மறுத்து வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்தால், மூன்றாம் பக்கத்தைப் படித்தாயா என்று முதலில் கேட்பேன். இது சத்தியம்.

நீ கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய
உன் மச்சான்,
கணேசன்
அருப்புக்கோட்டை