ரெட்டியார்பாளையம் போன சுறாப்புட்டு

சாரம், புதுச்சேரி
21-6-1959, ஞாயிறு

சிரஞ்சீவி அரிகிருஷ்ணனுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார், இப்போது டீம் ஆட்களோடு மைதானத்தில் கோடு போடப் போயிருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உனக்கு எழுதுவது எப்போதும் அவர்தான், நடுவில் நான் புகுந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து ஒரு மாதத்தில் நீ ரயில்வே வேலை கிடைத்துக் கரக்பூருக்குக் கிளம்பிவிட்டாய், நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மிகவும் கொஞ்சம், அப்படியிருக்க உன்னை நீ என்று எழுதுவதா நீங்கள் என்று எழுதுவதா என்பதிலேயே ஒரு தாள் வீணாயிற்று. எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள், எனக்கு இவ்வளவு கூச்சம் எதற்கு என்று அப்பா கேலி செய்வார். சித்தி என்கிற உறவுக்கு நீ என்பதுதான் பொருத்தம் என்று கடைசியில் துணிந்துவிட்டேன். இங்கே அப்பாவும் நானும் கொல்லையில் நிற்கிற முருங்கையும் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் இடது முழங்காலும் சௌக்கியம் என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி.

விஷயம் உன்னைப் பற்றியதுதான். நீலக்கொடி புட்பால் கிளப்காரர்கள் உன்னைக் கரக்பூரிலிருந்து வரவழைக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கிறது. உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது. உன் கடைசிக் கடிதத்தில் அங்கே வெயில் அதிகம், ஒர்க்ஷாப்பில் வேலை அதிகம் என்று இருந்ததே தவிர இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மில் டீமுக்குச் செயலாளராக இருந்துகொண்டு, எதிர் டீமுக்கு ஆட வருகிறாயா என்று சொந்த மகனைக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை, கேட்டால் போகாதே என்று தடுக்கிற மாதிரி ஆகிவிடுமாம். கேட்காமல் அவர் படுகிற பாட்டை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தாலும் நீ நம் வீட்டுக்கு வராமல் கிளப்காரர்களோடு தங்கிவிடுவாயோ என்பதுதான் அவருடைய கவலை, கப்பு யாருக்குப் போகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் கடைசி ஆட்டத்தில் நம் மில் டீம் கப்பு வாங்கியதை அப்பா உனக்கு எழுதியிருப்பார். அதிலிருந்து நீலக்கொடி முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை என்கிறார்கள். கப்பலில் சீமைச் சரக்கு இறக்கி விற்றவர், இந்த வருஷம் ஆட்டக்காரர்களை இறக்குகிறார். பெங்களூரிலிருந்து கோல் காக்க ஒரு கோலி, கோலார் தங்க வயலிலிருந்து இரண்டு பேர், கள்ளிக்கோட்டையிலிருந்து காற்றாகப் பறக்கிற ஒரு லெப்ட் அவுட். சென்டர் பார்வர்டு ஒன்றுதான் பாக்கி, அந்த இடத்தில் உன்னை நிறுத்திவைத்துக்கொண்டு எல்லோரும் தர்க்கம் பண்ணுகிறார்கள். நம் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிற ராமலிங்கத்துக்கு நீலக்கொடி என்றால் உயிர், தறி மேஸ்திரி கண்ணையனுக்கு மில் டீம் என்றால் உயிர், சாயங்காலமானால் இரண்டு உயிரும் அந்தத் தையல் கடையில்தான் கூடும். பள்ளி விட்டு வரும்போது நான் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தக் கடையைத் தாண்டுகிறேன், ஆனால் காதைக் குனிய வைக்க முடிவதில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே ராமலிங்கம், 'இந்த வருசம் கப்பு எங்களுக்குத்தான், நீங்க வேணும்னா கடைசியா ஒரு தடவ தொடச்சி வச்சிக் குடுங்க' என்றார். 'பதினோரு பேரு, பதினோரு ஊரு, பந்தக் குடுடான்னு எந்தப் பாஷையில கேப்பான்?' என்று கண்ணையன் கேட்டார். 'கோல் போடறதுக்குப் பாஷை எதுக்குய்யா, உங்க ஆளுங்க நல்லாத் தமிழ்லதான் கத்திக்கிறாங்க, பந்து என்னமோ கோலுக்கு வெளியதான போவுது' என்று இவர். 'வெளிய போனாலும் சொந்தக் காலால போவுது, உங்களுது வாடகைக் காலு' என்று அவர். உடனே ராமலிங்கம், 'அப்ப அரி வந்து ஆடினா அவனுதும் வாடகைக் காலா?' என்று கேட்டுவிட்டார். நான் நடையை எட்டிப் போட்டுவிட்டேன். பந்தயம் வழக்கம்போலத்தான், தோற்றவர் ஜெயித்தவரைப் புஷ்புஷ் வண்டியில் உட்கார வைத்துப் பெரிய மார்க்கெட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். போன வருஷம் தள்ளிய தோள்வலி ராமலிங்கத்துக்கு இன்னும் தீரவில்லை, எதிர்க்கட்சி வீடு என்பதால் என் ரவிக்கைத் துணி அவர் கடையில் வெட்டாமலே கிடக்கிறது.

டீம்கள் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்குகிற நாள் வருகிற ஐந்தாம் தேதி. அதற்கு முன்னால் வேறு யாரும் கலைத்துக்கொண்டு போய்விடாதபடி, வெளியூர் ஆட்களை ரெட்டியார்பாளையத்துத் தோட்ட வீட்டில் பூட்டி வைப்பது நீலக்கொடியின் வழக்கம், அதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முட்டையும் ஆட்டுக்கறியுமாகப் போட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி வைத்திருப்பார்கள், ஆனால் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள், பார்க்க வருகிறவர்களையும் உள்ளே விடமாட்டார்கள். போன புதன்கிழமை விழுப்புரம் ரயிலிலிருந்து உயரமாக ஒருவர் டிரங்குப் பெட்டியோடு இறங்கினாராம், நீலக்கொடி கார் அவரை ஏற்றிக்கொண்டு திரையை இழுத்துவிட்டுப் பறந்ததாம். ஸ்டேஷன் பக்கம் போயிருந்த கண்ணையன் நேராக நம் வீட்டுக்கு வந்து, 'அதே ஒசரம்ணே, அதே சாஞ்ச நடை, மொகத்ததான் பாக்க முடியல, சந்தேகமே இல்ல, நம்ம அரிதான்' என்று சொல்லிவிட்டார். அப்பா அப்போது பந்துக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், 'வந்தா வந்துட்டுப் போறான், வயசுப் புள்ள, அவன் இஷ்டம்' என்றார். ஆனால் தடவிய இடத்தையே தடவிக்கொண்டிருந்ததில் அந்தப் பந்து இப்போது யார் கையிலும் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மறுநாள் காலையில் மீன்காரி அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு அவரே பேரம் பேசிப் பால்சுறா வாங்கினார். புட்டு செய்து தா, மில்லில் சிநேகிதர்கள் கேட்டார்கள் என்றார். என் சமையலில் இதுவரை அவர் ஒரு குறையும் சொன்னதில்லை, அடுப்படிப் பக்கம் வந்ததும் இல்லை. அன்றைக்கு நான் மீனை அவித்துத் தோல் உரித்து உதிர்க்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார், 'பூண்டு இன்னுங் கொஞ்சம் போடு, பூண்டு கொறஞ்சா தொட மாட்டான்' என்றார். யார் தொடமாட்டான் என்று நான் கேட்கவில்லை, இன்னும் ஒரு பூண்டை உரித்தேன். டிபன் கேரியரில் சோறு, புட்டு, ரசம் எல்லாம் வைத்துக் கொடுத்ததும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். மில்லுக்குப் போகிற வழியை விட்டு விழுப்புரம் ரோட்டுப் பக்கம் திரும்பியதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது அஞ்சலாட்சிதான், தோட்ட வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுக்கிறாள். காவல்காரர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, 'நீ மில்லு டீமு செகரட்டரியாச்சே, ஆளக் கெளப்பிக்கிட்டுப் போவத்தான வந்த' என்று கழியைக் குறுக்கே நீட்டினாராம். 'ஆளு வேணாம்ப்பா, இந்தச் சோத்த மட்டும் உள்ள குடுத்துடு, நேத்து ரயில்ல வந்த புள்ளைக்கு' என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறார். காவல்காரர் கேரியரைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அப்பா சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் காலிக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தது நீ இல்லை, அந்தப் பெங்களூர் கோலி. கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அப்பாவின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, கன்னடத்தில் ஏதோ சொல்லி, வயிற்றைத் தட்டிக் காட்டி இன்னும் இருக்கிறதா என்று ஜாடையில் கேட்டானாம். அப்பா அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாராம். வீட்டுக்கு வந்து கேரியரை என்னிடம் நீட்டி, 'அவன் இல்ல, வேற ஆளு. நல்லா சாப்பிட்டான்' என்றார்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். மில் டீம் செயலாளர் சுறாப்புட்டைக் காட்டி நீலக்கொடியின் கோலியை மயக்கப் பார்த்தார் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. ராமலிங்கம் அளவுநாடா கழுத்தில் தொங்க நம் வாசலில் வந்து நின்று, 'அண்ணே, ஒங்க மேல எவ்ளோ மரியாத வச்சிருந்தேன், மீனப் போட்டு ஆளப் புடிக்கறது ஞாயமா?' என்று கேட்டார், கேட்டுவிட்டு நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார். நீலக்கொடிக்காரர்கள் பயந்துபோய்க் காவலுக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறார்கள், கோலியின் மனசு மாறிவிடக் கூடாதென்று அவர்களே தினமும் சுறாப்புட்டு செய்து போடுகிறார்களாம். 'டீச்சரம்மா, தெனம் சுறா அங்கியே முடிஞ்சிடுது, ஒங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்கணும்' என்று அஞ்சலாட்சி வாழ்த்திவிட்டுப் போகிறாள். இன்று காலையில் நம் வீட்டுக் கூடத்தில் டீம் கூட்டம் நடந்தது. நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணையன், 'சொல்லாம கொள்ளாம எம்மாம் பெரிய காரியம் பண்ணிட்டண்ணே, நாளைக்கு நண்டு, நாளன்னிக்கு எறா, கோலி தானா நம்ம பக்கம் உழுந்துடுவான்' என்று பூரித்துப் போனார். பேக் ஆடுகிற மண்ணாங்கட்டி, 'நமக்குதான் ஒரு கோலி இருக்கானே, அவன என்னா பண்றது?' என்று கேட்க, 'அவனுக்கும் ஒரு தட்டு வச்சிடலாம்' என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். 'முடியுமான்னு பாத்தேன், முடியல' என்று மட்டும் சொன்னார். எதிர் டீம் ஆளை மறைவில் பேசிக் கலைப்பது கேவலம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர், அந்தப் பேரைத் தானே வாங்கிக்கொண்டார். என் மகன் வந்திருக்கிறான், வீட்டுக்கு வரவில்லை என்று நினைத்துச் சோறு கொண்டுபோனேன் என்று நாலு பேர் எதிரில் சொல்வதைவிட அவருக்கு இது எளிதாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான், காப்பி டம்ளரை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. போன வாரம் உன்னைப் பெற்ற அக்காவின் திதியைக் குறைவில்லாமல் செய்தோம், உன் பேரையும் சொல்லித்தான் அப்பா எள் இறைத்தார். ஓடு மாற்றிய பிறகு உன் அறையில் ஒழுகல் நின்றுவிட்டது, மூங்கில் கட்டிலை அங்கேயே போட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே ஏன் தோற்றார் என்று பரீட்சையில் கேட்டிருந்தேன், ஒரு பெண் வெளியூர் ஆட்களை நம்பியதால் என்று எழுதியிருக்கிறாள், அவள் கண்ணையனின் மகள் என்று பேரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீ அங்கே முழங்காலுக்கு நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவிக்கொள், கட்டாந்தரையில் காலுறை இல்லாமல் ஆடாதே, ராத்திரி ஷிப்டு முடிந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே. அந்த ஊர்க் கடுகெண்ணெய்ச் சமையல் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அப்பா அடிக்கடி என்னைக் கேட்கிறார், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லாமல் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ ஆட வருவதும் வராததும், எந்த டீமுக்குக் கையெழுத்துப் போடுவது என்பதும் உன் யோசனை, அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நீலக்கொடிக்கு ஆடினால் அப்பா மில் டீம் பக்கம் உட்கார்ந்துகொண்டு உன் கோலுக்குக் கை தட்ட முடியாமல் திண்டாடுவார், அதை அவரே சமாளித்துக்கொள்வார். வரப்போவதில்லை என்றால் இல்லை என்று அவருக்கு ஒரு கார்டு போட்டுவிடு, விழுப்புரம் ரயில் வருகிற நேரமானால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறார். உன் உடம்பும் காலும் வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இவ்வளவு எழுதியது ஒன்று கேட்கத்தான், அதைக் கேட்க இத்தனை நேரம் ஆயிற்று. வருவதானால் ஸ்டேஷனில் அவர்களுடைய காரில் ஏறாதே, நேராகச் சாரத்துக்கு வா. கையெழுத்து நாள் வரைக்கும் அப்பாவோடு இருந்து சாப்பிடு. என்னோடு பேசியாக வேண்டும் என்பதில்லை, நான் எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடம் போய்விடுவேன். ஐந்தாம் தேதி காலையில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாவது, நம் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போ.

இப்படிக்கு, ஆசிகளுடன்,
சித்தி
சுலோசனா