சீட்டு பிடிக்கவில்லை

வட்டகொடை, மேல் டிவிஷன்
09.02.2025

என் தங்கச்சி பெற்ற தங்கம், மருமகள் தனுஜாவுக்கு,

உன் தாய்மாமன் அழகுமுத்து எழுதுவது. நானும் உன் அத்தை பேச்சியம்மாவும் சுகம். உன் அம்மாவும் சுகம்தான். ஆனால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "கொழும்புச் சோறு எம்புள்ளைக்கு ஒட்டவே மாட்டேங்குது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு போட்டோ அனுப்பி அவள் வாயை அடைத்துவிடு.

போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எதையும் எழுத்தில் கொடுங்க மாமா என்று நீ சொன்னாய். அதனால் எழுத்தில் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் அந்த எட்டு வகுப்பையும் நான் படித்தது போல இந்த மலையில் ஒருவனும் படித்ததில்லை. என் கையெழுத்தைப் பார்த்த ஹெட்மாஸ்டர் தன்னுடைய பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். உன் கம்பெனியில் நீ சொல்லி நான் எடுத்த கெப் வண்டி இருக்கிறதே, அதில் டிரைவர் சீட்டு பிடிக்கவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புத் தண்டவாளம் உண்டு. முன்னே பின்னே தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் பல்லில் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சமதரையில் நிற்கிறது. நம் கோயில் வளைவு ஏத்தத்தில் கடியை விட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது. கால் கிளச்சுக்கும் எட்டாது, பிரேக்குக்கும் எட்டாது. போன செவ்வாய்க்கிழமை போன போக்கில், பின் சீட்டில் இருந்த செல்லசாமியின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரோட்டைக் கடந்த சிறுத்தை ஒன்று நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று வழிவிட்டுப் போனது.

இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது. ஒரு கீறல் கிடையாது. இந்த டிவிஷனில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் இடுப்பு வலித்தாலும் என் கெப்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அதனால்தான் பதறுகிறேன். இப்போதைக்கு ஒரு மிலாறுக் கட்டையைச் செதுக்கி சீட்டுக்குப் பின்னால் அண்டக் கொடுத்திருக்கிறேன். அடுப்பெரிக்க வெட்டிவைத்த தேயிலைக் கிளை, உன் கம்பெனி இரும்பைவிட நன்றாகப் பிடிக்கிறது.

கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். பெரியவர் கையில் சேர்த்துவிடு. படித்ததும் எழுந்து நிற்பார்.

உன் மாமா,
க. அழகுமுத்து
(கீறல் படாத டிரைவர்)


கொழும்பு
23.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தனுஜா எழுதுகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பதில் வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "எமது நிறுவனம் சீட்டு நடத்துவதில்லை. எமது பெயரில் சீட்டு பிடிப்பவர்கள் குறித்துப் பொலிசில் முறையிடவும்." அதுதானே?

மாமா, இங்கே வரும் தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. உங்கள் கடிதம் வந்த வாரம் நான் லீவில் இருந்தேன். சிங்களப் பிள்ளை ஒருத்தி, தமிழ் எழுத்து கூட்டிப் படிப்பவள், பார்த்திருக்கிறாள். பெண்கள் சேர்ந்து மாதா மாதம் போடுகிற சீட்டுக்குச் சிங்களத்திலும் சீட்டு என்றுதான் பெயர். நீங்கள் எழுதியிருந்ததைப் பாருங்கள்: "உங்கள் சீட்டு பிடிக்கவில்லை. இந்தச் சீட்டை நம்பி என் பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள். எந்த நேரம் நழுவுமோ என்று பயமாக இருக்கிறது." அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

தயவுசெய்து இன்னொரு கடிதம் எழுதுங்கள். "இருக்கை" என்று எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு தூரம் வழுக்கியது, அவ்வளவும் போதும். செல்லசாமி அண்ணன் மடி வேண்டாம். சிறுத்தை வேண்டவே வேண்டாம். ஹற்றனில் உள்ள சர்வீஸ் ஆட்களிடம் வண்டியைக் காட்டவும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
தனுஜா


வட்டகொடை
09.03.2025

கொழும்பில் தமிழ் காக்கும் மருமகளுக்கு,

மாமன் மனம் நொந்து எழுதுவது. நான் சீட்டுக்காரனாம். உன் அத்தை அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்குகிற கண்டாக்கையாவே கேட்கிறார், "என்ன முத்து, நம்மளையும் சீட்டுல சேத்துக்கக் கூடாதா?" என்று.

நீ சொன்னபடி ஹற்றனுக்குக் கொண்டு போனேன். சர்வீஸ் பையன் சிமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்து, குலுக்கிப் பார்த்தான்.

"சீட் நல்லாத்தானே இருக்கு ஐயா."

"தம்பி, இது தரை. எங்க ஊட்டுக்குப் போறது ரோடு இல்ல, ஏணி. வாங்க, ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க."

"எங்களுக்கு வெளிய கொண்டு போக ஓடர் இல்லங்க."

குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். ஏத்தத்தில் வருகிற வியாதியைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தால் தெரியுமா? கேட்டேன். சிரிக்கிறான்.

இனி பொறுக்க முடியாது என்று கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதிவிட்டேன். இருக்கை என்றே எழுதினேன். ஒன்பது இடத்தில் இருக்கை. நடந்ததையும் எழுதினேன். இருக்கை மூன்றடி பின்னால் போனதையும், அந்த அதிர்ச்சியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன நம் லயத்து வினோதாவுக்கு வண்டியிலேயே பிரசவம் ஆனதையும், நானே பார்த்து எல்லாம் செய்ததையும், குழந்தைக்கு நன்றியாக அழகுமுத்து என்று என் பேரையே வைத்ததையும். இதைப் படித்தும் கல்லாக இருந்தால் அவர்கள் மனுஷர்களே இல்லை.

உன் மாமா,
க. அழகுமுத்து


கொழும்பு
20.03.2025

மாமாவுக்கு,

மனேஜர் இன்று என்னைக் கூப்பிட்டார். மேசையில் உங்கள் கடிதம் இருந்தது. "இது உங்க மாமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

கடிதத்தில் பிரசவம் என்று இருந்ததால் அவர்கள் விசாரித்திருக்கிறார்கள். வினோதாவுக்கே போன் எடுத்திருக்கிறார்கள். அவள், "ஆஸ்பத்திரியிலதாங்க பொறந்துச்சு, மாமா எறக்கிவிட்டு ரெண்டு நாளு கழிச்சு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெண் குழந்தை மாமா. பெயர் பிரியந்தி.

முன் இருக்கை மூன்றடி பின்னால் போக அந்த வண்டியில் இடமே இல்லை. அதையும் அளந்து காட்டினார்கள். ஆகவே இருக்கை வழுக்கியதும் பொய் என்று முடிவு செய்துவிட்டார்கள். கோப்பை மூடிவிட்டார்கள். நான்தான் சொந்தக்காரருக்காகக் கதை கட்டி உள்ளே கொண்டு வந்தேன் என்றும் பேச்சு.

என்னைக் கேட்டால், எனக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் நீங்கள் சொன்னதெல்லாம் நம்பினேன். அது சந்தோஷமாக இருந்தது. இப்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அது எனக்கு முடியவில்லை.

இனி கம்பெனிக்கு எழுதாதீர்கள். எழுதினாலும் நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். அந்த மிலாறுக் கட்டையையும் எடுத்துவிடுங்கள். வண்டியில் வேறு எதையாவது சொருகினால் வாரன்டி போய்விடும் என்று அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது.

தனுஜா


வட்டகொடை
15.06.2025

தனுஜாவுக்கு,

மாமா எழுதுவது.

இம்மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். கோயில் வளைவு. மழை இல்லை. வண்டியில் நானும் உன் அத்தையும் மட்டும். அவளைப் பெரட்டுக்களத்தில் இறக்கிவிடப் போனேன். இரண்டாம் கியரில் ஏறும்போது இருக்கை பிடியை விட்டது. கால் பிரேக்குக்கு எட்டவில்லை. கை பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டது. இருபது அடி இருக்கும். பின் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. கான்தான் நிறுத்தியது.

அத்தை முன்பக்கம் கையை ஊன்றியிருக்கிறாள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்தது. நுவரெலியாவில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

கட்டையை நீ சொன்னபடி மார்ச் மாதமே எடுத்துவிட்டேன்.

வண்டியை மேலே இழுத்த பிறகு, அதே இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருக்கை எங்கே இருந்து எங்கே போகிறது என்று அடிமட்டம் வைத்து அளந்தேன். ஐந்தரை அங்குலம். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் ஐந்தரை.

தேத்தண்ணிக் கடையில் செல்லசாமி, "என்ன முத்து, வண்டி பறந்துச்சாமே?" என்று கேட்டான். கடையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்ல, வழுக்கிருச்சு" என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். உன் வேலைக்குக் கேடு என்றால் அடுப்பில் போடு. நான் கேட்கமாட்டேன்.

க. அழகுமுத்து


கொழும்பு
28.06.2025

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாற்றினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மனேஜர் படித்துவிட்டு, "இது அதே ஆளா?" என்றார். ஆனால் கோப்பைத் திறக்க முடியாது என்றார். ஒரு வண்டி, ஒரு டிரைவர், அதிலும் முன்பு பொய் சொன்ன டிரைவர்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்தச் சீட்டுக் குழப்பம் ஞாபகம் வந்தது. நான் இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளை பார்த்து, பொலிசில் முறையிடச் சொல்லிப் பதில் போட்ட கடிதங்களை ஒரு மேசை லாச்சியில் போட்டு வைப்பார்கள். என் கதிரையிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற லாச்சி. இழுத்துப் பார்த்தேன்.

உங்களுடைய முதல் கடிதம் போக மூன்று கடிதங்கள் மாமா. றொசல்லையில் இருந்து சோலைமலை என்று ஒருவர்: "ஏத்தத்தில் சீட்டு ஓடிப்போகிறது, ஆளைக் காப்பாற்றுங்கள்." யாரோ சீட்டுப் பணத்தோடு ஓடிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பெயர் விளங்காத ஒருவர். பிறகு இறம்பொடையில் கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானா. அவரும் சீட்டு என்றுதான் எழுதியிருந்தார், ஆனால் தேதி, இடம், எல்லாம் இருந்தது. அவரும் அடிமட்டம் வைத்து அளந்திருக்கிறார். ஐந்தரை அங்குலம்.

உங்கள் கடிதத்தையும் நானாவின் கடிதத்தையும் மனேஜர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.  இரண்டு ஐந்தரையிலும் அவர் விரலை வைத்துப் பார்த்தார். அந்த மொடல் வண்டிகள் எல்லாவற்றையும் திருப்பிக் கூப்பிட்டுத் தண்டவாளம் மாற்றுவதாக முடிவாகியிருக்கிறது. உங்களுக்கும் அறிவித்தல் வரும்.

சரிபுதீன் நானாவின் கடிதத்தில் இருந்த தேதி போன வருஷம் நவம்பர். நான் அந்த லாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உங்களை நம்ப முடியவில்லை என்று எழுதினேன். கட்டையை எடுக்கச் சொன்னதும் நான்தான். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். திட்டியிருக்கலாம் மாமா.

அந்தக் கடிதம் கம்பெனிக்குப் போதும். எனக்குப் போதாது. யாரோ எழுதியது போல இருக்கிறது. எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்களால் முடிந்தால்.

தனுஜா


வட்டகொடை
13.07.2025

மருமகள் தனுஜாவுக்கு,

அறிவித்தல் வந்தது. எட்டாம் தேதி ஹற்றனுக்குக் கொண்டு போனேன். அதே பையன்தான். புதுத் தண்டவாளம் போட்டான். போட்டுவிட்டுத் தரையில் வைத்துக் குலுக்கினான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏத்தத்துல நீயே ஓட்டிக் காட்டு, இல்லாட்டி வண்டிய எடுக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன். கடைசியில் ஓட்டினான். சீட்டு அசையாமல் நின்றது.

ஆனாலும் பழைய மிலாறுக் கட்டையைத் தேடி எடுத்து மறுபடி அண்டக் கொடுத்திருக்கிறேன். வாரன்டி போனால் போகட்டும்.

அத்தைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். பெருவிரலும் பக்கத்து விரலும் சேர்ந்து மடங்கவில்லை. கொழுந்து கிள்ளுவது அந்த இரண்டு விரலால்தான், உனக்குத் தெரியாததா. காலையில் எழும்பிக் கூடையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். "அழகா இருக்கற கூடையத்தான் பாக்குறேன், உங்களுக்கு என்ன?" என்று என்னிடம் பாய்கிறாள். உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, சொல்லாமல் என்ன. கொஞ்சம் இன்னும் இருக்கிறது. கம்பெனி மேல் நிறைய இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. முதல் நாளே அடிமட்டத்தை எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நீ கடிதம் கேட்டாய். மூன்று நாளாக எழுதி எழுதிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இன்று காலை கோயில் வளைவில் வண்டியை நிறுத்தினேன். தனியாகத்தான் போனேன்.

சிறுத்தை வந்தது.

நடு ரோட்டில் உட்கார்ந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, அத்தையின் கை எப்படி என்று விசாரித்தது. விரல் மடங்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு, அந்தக் கொழும்புப் புள்ள எப்ப வரும், வந்தா இந்தப் பக்கம் அனுப்புங்க, ஒரு பேச்சு இருக்கு என்றது.

என்ன பேச்சு என்று எனக்குச் சொல்லவில்லை. ஆடி முடிவதற்குள் வந்து நீயே கேட்டுக்கொள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். முன் சீட்டில் உட்கார உனக்குத் தைரியம் இருந்தால் போதும்.

உன் மாமா,
க. அழகுமுத்து
(ஒரே ஒரு கீறல்)