நாலாவது மாடியில் மாமாவின் சட்டை

ஜெயமங்கலம்
12.7.2024

என் ஆசைத் தம்பி சுருளிராஜனுக்கு,

அக்கா உமாதேவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் உன் மாமா சிரிப்பார், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயையும் பன்னையும் வைத்தே நாளைத் தள்ளுகிறாயா? போன் போட்டால் மேஸ்திரி நல்லகண்ணு எடுத்து, "என்னம்மா விசயம், எங்கிட்டயே சொல்லு" என்கிறார். மாமா விழுந்ததிலிருந்து கம்பம் சைட்டில் எல்லார் போனையும் மேஸ்திரி தன் பையில் போட்டு வைத்துக்கொண்டால் நான் வேறு என்ன செய்வது? அதனால்தான் பவுனு அக்காவின் டீக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். சோம்பல் படாமல் பதில் போடு.

மாமாவுக்கு இடுப்பில் தகடு வைத்தது ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. இடது கால் குட்டையாகிவிட்டது. இனி சாரம் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டிலில் கிடந்தபடி தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "கம்பத்துல சாரலா?" இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. "எந் தோளு நனைஞ்சு கெடக்கு, தொட்டுப் பாரு" என்கிறார். தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் சில்லென்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நஷ்ட ஈடு கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்குக் காண்ட்ராக்டர் தரப்பில் பதில் வந்திருக்கிறது. கர்ணனுக்கு ஹெல்மெட்டும் சேஃப்டி பெல்ட்டும் கொடுத்தோம், அவராகவே கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்து விழுந்தார், நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ. ரோட்டில் நின்று எடுத்தது. லாட்ஜ் கட்டடத்தின் நாலாவது மாடி விளிம்பில் ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக ஓர் ஆள் நிற்கிறார். சந்தனக் கலர் சட்டை, பாக்கெட்டில் நீலத் துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறது.

அந்த ஒட்டு நான் போட்டது, தம்பி. திருஷ்டி பொம்மை கட்ட மாமாவின் பழைய சட்டை ஒன்று வேண்டும் என்று பொங்கல் கழித்து நீ வந்து வாங்கிப்போன சட்டை அது. வைக்கோல் திணித்துக் கட்டியதும் நீதான். போட்டோவில் நிற்பது பொம்மை.

இலவசச் சட்ட உதவியில் நமக்குக் கிடைத்த வக்கீல் ஜெனிபர் நல்ல மாதிரி. வேலையில் அடிபட்டவன் நஷ்ட ஈடு கேட்பது பிச்சை இல்லை, ரிஜிஸ்டரில் பெயர் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று தைரியம் சொன்னாக. ஆனால் கொடுத்த பெல்ட்டை வேண்டுமென்றே கழற்றினார் என்று அவர்கள் காட்டிவிட்டால் நம் வழக்கு சாய்ந்துவிடுமாம். போட்டோவில் இருப்பது பொம்மை என்று சைட்டிலிருந்து ஒருத்தர் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,
அக்கா உமா


கம்பம்
19.7.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பவுனு அக்கா வடைத் தாளில் சுற்றிக் கொடுத்தது. பாதி எழுத்தில் எண்ணெய். சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நீ எழுதிய அன்று இங்கே விடிந்ததிலிருந்து சாரல்தான். பொம்மையின் தோளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

பெல்ட் கதையைக் கேள். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்துக்கு வந்தது ஒரே ஒரு ஹெல்மெட், ஒரே ஒரு பெல்ட். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே சுருளி, இதப் பொம்மைக்கு மாட்டு. திருஷ்டியும் கழியும், ரோட்டுல போற ஆபீசருக்கும் பாக்க லச்சணமா இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். பொம்மை காற்றில் விழுந்துவிடக் கூடாது என்று பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியது அவர்தான், அக்கா. அப்புறம் பங்குனியில் அதன் பக்கத்திலிருந்துதான் விழுந்தார். விளிம்பில் தடுப்புக் கட்டவில்லை, கீழே வலை இல்லை. மணல் குவியல் இருந்ததால் உயிரோடு கிடைத்தார். பொம்மை அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகு ஆட்கள் அதோடு பேசுகிறார்கள். "கர்ணண்ணே, ஓரமாப் போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்கள். பவுனு அக்கா முதல் டம்ளர் டீயை அதன் காலடியில் வைக்கிறது. எலி வைக்கோலை உருவிவிட்டதோ என்னவோ, அதன் இடது கால் மட்டும் தொய்ந்துபோய் நிற்கிறது.

போட்டோவில் இருப்பது மாமாதான் என்று எழுதிய ஒரு தாளை நீட்டி, என்ஜினியர் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார். விரல் சுளுக்கு என்று கட்டுப்போட்டுக்கொண்டு திரிகிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. இந்த வாட்ச்மேன் அறைதான் எனக்கு வீடு. நான் சாட்சி சொன்னால் இந்தப் பக்கம் எந்த சைட்டிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள். என்னை இழுக்காதே, அக்கா.

உன் தம்பி
சுருளி


ஜெயமங்கலம்
27.7.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. சின்ன வயதில் பாம்பைப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாய். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாய். முதுகு மட்டும் மேஸ்திரியுடையது.

பிறகு மாமாவுக்கு உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை, குறுக்கே, கன்றிப்போன தடம். பட்டையாக, பெல்ட் அகலத்துக்கு. வாழ்நாளில் பெல்ட் கட்டாத மனிதர். "என்னது இது?" என்றேன். "இறுக்கிக் கட்டியிருக்கான், அவுக்கச் சொல்லு உமா. நான் இன்னும் அங்கனயேதான் நிக்கிறேன்" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நீ சாட்சி சொல்ல வேண்டாம். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, இடத்தைப் பார்க்க வருகிறார். ஜெனிபர் மேடமும் நானும் கூட வருகிறோம். அந்தப் பொம்மை, அந்தச் சட்டையோடும் பெல்ட்டோடும், அதே இடத்தில் அன்றைக்கு நிற்க வேண்டும். அவ்வளவுதான். நீ வாயைத் திறக்கவே வேண்டாம். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். உன் மாமாவைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொள்.

அக்கா


கம்பம்
5.8.2024

அக்காவுக்கு,

பொம்மை இல்லை. சனிக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் மேஸ்திரி கழற்றி எரித்துவிட்டார். அதிகாரி கண்ணில் அது படக்கூடாது என்று அவர்கள் வக்கீல் சொன்னாராம். சட்டையையும் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இடம் காலியாக இருந்தால் சாரம் ஏற மாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு பொம்மை கட்டலாம் என்றால், எரித்த பொம்மையின் சட்டை ஆகாதாம், வேறு யாராவது உடுத்திய சட்டை வேண்டுமே. மாமாவுக்கு ஆனதைப் பார்த்த பிறகு யார் தருவார்கள்? மேஸ்திரி தன் சட்டையைத் தரவில்லை. என்னைப் பார்த்தார். "நீ போட்டுக்கிட்டு நில்லுலே. ஆளுகளும் ஏறுவாங்க, ஆபீசர் வந்தா பெல்ட்டோட வேல பாக்குற ஆளுன்னு காமிச்சிரலாம்" என்றார்.

இன்றைக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். மாமா என்னைவிட எவ்வளவு வாட்டசாட்டம், ஆனாலும் சட்டை எனக்குத் தைத்தது போல இருந்தது. ஆட்கள் "கர்ணண்ணே, ஓரமாப் போய்க்கிறேன்" என்று சொல்லிக் கடந்தார்கள். முதலில் கேலி என்று நினைத்தேன். பவுனு அக்கா வந்து என் காலடியில் டீயை வைத்தது. "அக்கா, நான் சுருளி" என்றேன். அது நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக் குடிக்க எனக்குக் கை வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொம்மையைப் பிடுங்கும்போது பெல்ட்டின் கொக்கி உடைந்துவிட்டது. எதிலும் மாட்டாமல்தான் நிற்கிறேன். வியாழக்கிழமை கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. திடுக்கிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

சுருளி


ஜெயமங்கலம்
9.8.2024

என் தம்பிக்கு,

நேற்று நடந்தது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அதிகாரி ரோட்டில் நின்று மேலே பார்த்தார். உனக்குப் பின்னால் சூரியன். முகம் தெரியவில்லை. நீ இருந்த இருப்பில் ஒரு மயிரிழை அசைவில்லை. அவர் மேஸ்திரியிடம் கேட்டார்: "ஏன்யா, அந்த ஆளு பெல்ட்ட எதுலயும் மாட்டாம விளிம்புல நிக்கிறானே, தடுப்பு எங்க? விழுந்தா யாரு பொறுப்பு?" மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. இத்தனை மாதம் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை வாயில் தானாக வந்தது. "ஆளில்ல சார், பொம்மை. திருஷ்டிக்கு."

ஜெனிபர் மேடம் உடனே அந்தப் போட்டோவை எடுத்து நீட்டினாக. அதே இடம், அதே சட்டை, அதே பெல்ட். "அப்ப இதுவும் பொம்மைதானே?" என்று கேட்டாக. மேஸ்திரி தலையாட்டிவிட்டார். அதிகாரி இறக்கிக் காட்டச் சொன்னார். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் திருஷ்டி பொம்மையை இறக்கினால் ஆகாது என்று மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் சரி என்று விட்டுவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரியும் நீ என்று. பொம்மைக்கு நீ பாதம் வைக்கவில்லை, கால்சட்டை நுனியைக் கயிற்றால் கட்டியிருந்தாய். மேலே நின்றதற்குப் பாதம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. நீ கூப்பிடாதே என்றதற்காக என்று சொன்னால் அது பாதிப் பொய். அவர் எழுதி முடிக்கட்டும் என்று நின்றேன். அந்த நேரத்துக்கு நீ பொம்மையாகவே இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

வீட்டுக்கு வந்தால் மாமா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் தடம் இல்லை. தோள் வெதுவெதுப்பாக இருக்கிறது. "மத்தியானம் யாரோ வந்து என்னை மாத்திவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டார்.

வேலை முடிந்தது, தம்பி. இறங்கி வந்துவிடு.

அக்கா உமா


கம்பம்
30.9.2024

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விரல் மடங்க மறுக்கிறது. சுளுக்கு என்று பொய்க் கட்டுப்போட்டதன் பலன்.

இறங்கலாம் என்றுதான் இருந்தேன். பொம்மை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போயிருக்கிறார், மறுபடி வந்தால் பொம்மை இருக்க வேண்டாமா என்கிறார் மேஸ்திரி. சட்டை தர இன்னும் யாரும் வரவில்லை. அதனால் நிற்கிறேன். முதலில் கால் கடுத்தது, இப்போது இல்லை. பசியும் முன்பு போல இல்லை. சைட்டில் எல்லாரும் தைரியமாக ஏறுகிறார்கள், ஒருவரும் விழவில்லை. குருவி வந்து ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. இங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் தெரிகின்றன. நல்ல காற்று.

மாமாவுக்கு வலி விட்டதா? விட்டதென்றால் நான் நிற்பதில் தப்பில்லை, அக்கா. என்னைக் கோழை என்று இனிமேல் சொல்ல மாட்டாய்.

சுருளி


ஜெயமங்கலம்
4.11.2024

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முன்னே போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. உன் கடைசிக் கடிதத்தின் உறைக்குள் வைக்கோல் துண்டு இருந்தது. எப்படி வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நம் வழக்கு ஜெயித்துவிட்டது. போட்டோவைத் தொழிலாளர் ஆணையர் ஏற்கவில்லை. பெல்ட் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லை, காண்ட்ராக்டரோடு கட்டட முதலாளியும் பொறுப்பு என்று உத்தரவு போட்டுவிட்டார். மாமா கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். இதைப் படித்தாவது நீ ஓடி வருவாய் என்று பார்த்தேன்.

பவுனு அக்காவுக்குப் போன் போட்டேன். "சுருளியா? அவென் அறை பூட்டிக் கெடக்கு ஆத்தா, ஊருக்குப் போயிட்டான்னாக. மேல பொம்மைதான் நிக்கிது. தெனமும் டீ வைக்கிறேன்" என்கிறது. நீ இங்கே வரவில்லையே, தம்பி.

கம்பத்தில் மழையா என்று மாமா இப்போது கேட்பதே இல்லை. நான்தான் கேட்கிறேன். இன்றைக்கு இங்கே நல்ல வெயில். காலையிலிருந்து என் தோள் நனைந்து கிடக்கிறது. மாமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

விளிம்புக்குத் தடுப்பும் வலையும் கட்டாமல் வேலை நடக்கக் கூடாது என்று ஜெனிபர் மேடம் மனுக் கொடுத்திருக்காக. அது நடக்கிறபோது நடக்கட்டும். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். மாமாவின் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உனக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வரப் போகிறேன். கீழே நின்று கூப்பிட மாட்டேன், பயப்படாதே. மாடி ஏறி வந்து முதலில் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

கூப்பிட்டதும் அசைந்துவிடு.

உன் அக்கா
உமாதேவி